எலிகு யேல்: வேல்சும் சென்னையும்

புணே வானவடியில் வாழும் அன்பர்கள், 1794-இல் அங்கே காலமான மகாதஜி சிந்தியாவின் நினைவு மண்டபத்தை நன்கறிவர். நினைவுச் சின்னம் ஒருவர் பெயரைக் காக்கும். அவர் வாழ்வு முழுவதையும் கூறிவிடாது. நம் சென்னையை ஆண்ட எலிகு யேலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்சு நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த யேல், 1649-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். 1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக விளங்கினார். சென்னை மாநகராட்சி 1688-இல் அமைந்தது அவர் காலத்தில்தான்.

சொந்த வாணிகத்தால் அவர் பெருஞ்செல்வம் குவித்தார். பதவியைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு எழவே, பதவியிழந்தார். பஞ்சத்தால் நலிந்த மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதும் அவருடைய ஆட்சிக் காலத்திலேயே.

1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிற்கு அவர் 417 நூல்களையும் ஒன்பது பொதி சரக்கையும் நன்கொடையாக அனுப்பினார். சரக்கு சுமார் 562 பவுனுக்கு விற்றது. கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டினர். இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுவே. 1721-இல் இலண்டனில் மறைந்த அவர், வேல்சின் ரெக்சம் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அமெரிக்காவில் அவர் பெயர் வாழ்கிறது; வேல்சில் கல்லறை உள்ளது; சென்னையில் இறந்த அவருடைய இளம் மகனுக்கும் அங்கே சமாதி எழுந்தது. கப்பலேற்றப்பட்டோருக்கோ பெயருமில்லை, கல்லுமில்லை. பிழைப்பு நாடித் தாமே விரும்பிப் பிறந்த மண்ணை நீங்கிய நாம், விருப்பமின்றி அனுப்பப்பட்ட அவர்களையும் சேர்த்தே இவ்வரலாற்றை எண்ணுதல் வேண்டும்.