பூஜ்ஜியம் காலனி வந்தா பாஸா?

அமராவதி நகர்லேர்ந்து வர்றேன்னு சொன்னா முதலைப் பண்ணையைப் பத்திதான் கேப்பாங்க. அணைக்குப் பக்கத்துலயே வளர்ந்ததாலயோ என்னவோ, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் தண்ணியிலயே வந்து நின்னுது. லேப்ல பயன்படுத்துற சுத்திகரிச்ச தண்ணீர்ல இருக்குற பாக்டீரியாவை அல்ட்ராஃபில்ட்ரேஷன், சுருக்கமா யு.எஃப்., எந்த அளவுக்கு நீக்குது?

திருப்பூர் பக்கம் யு.எஃப். புதுசில்ல. சாயக்கழிவு நீர் சுத்திகரிப்புல ஆர்.ஓ.வுக்கு முன்னாடி வைப்பாங்க. அங்க அதோட வேலை ஆர்.ஓ. மெம்பரேனைக் காப்பாத்துறது. லேப்ல அது கடைசியில இருக்கும், பாக்டீரியாவைத் தடுக்க. யு.எஃப். துளை 0.01லிருந்து 0.1 மைக்ரான். பெரும்பாலான பாக்டீரியா 0.5 மைக்ரானுக்கு மேல. அப்புறம் என்ன டெஸ்ட்னுதான் நானும் நெனச்சேன்.

முதல் டெஸ்ட்ல உள்ள போன தண்ணீர்ல மில்லிக்கு 40 காலனி, வெளிய 0. ரிப்போர்ட்ல ‘100% நீக்கம்’னு டைப் பண்ணிட்டேன். கைடு பாத்துட்டு, “உள்ள போனதே 40தானப்பா?”ன்னாங்க.

அதுதான் விஷயம். 1 மில்லியை மட்டும் தட்டுல ஊத்தி 0 வந்தா, ‘ஒன்னுக்கும் கம்மி’ன்னுதான் சொல்ல முடியும். 40லிருந்து 1ன்னா 97.5% நீக்கம், லாக் கணக்குல 1.6. தண்ணி ஏற்கெனவே சுத்தமா இருந்தா ஃபில்டரோட திறமையே தெரியாது. அதனாலதான் வேணும்னே பாக்டீரியாவைக் கலந்து விட்டுப் பாக்குறாங்க. உள்ள மில்லிக்கு 10 லட்சம், வெளிய 1ன்னா 6 லாக். மருந்துத் துறையில 0.2 மைக்ரான் ஸ்டெரைல் ஃபில்டருக்கு பிரெவுண்டிமோனாஸ் டிமினூட்டாங்கிற பொடி பாக்டீரியாவை சதுர செ.மீ.க்கு 1 கோடி வீதம் அனுப்புவாங்க. ஒன்னுகூட வெளிய வரக்கூடாது.

அடுத்த அடி அகர்ல விழுந்துது. நான் போட்டது சத்து நிறைஞ்ச நியூட்ரியன்ட் அகர், 37 டிகிரி, 2 நாள். ஆனா சுத்தமான தண்ணீர்ல பட்டினியா பழகின பாக்டீரியாவுக்கு அந்த விருந்து ஒத்துக்காது. அதுக்குன்னே 1985ல ரீசனரும் கெல்ட்ரைக்கும் வெளியிட்டது ஆர்2ஏ அகர்: சத்து கம்மி, சூடு கம்மி, 5லிருந்து 7 நாள். அதே குழாய்த் தண்ணிய அதுல போட்டேன். அஞ்சாம் நாள் தட்டு பூரா புள்ளி.

அப்ப மெம்பரேன் ஓட்டையா? ஈரமான மெம்பரேன்ல காத்தழுத்தம் குடுத்துப் பாத்தோம்; அழுத்தம் இறங்கல, அதனால ஃபைபர் எதுவும் அறுந்த மாதிரி இல்ல. மாட்யூலை ஒட்டின போர்ட்டை ஆல்கஹால்ல துடைச்சு, கொஞ்சம் தண்ணி ஓடவிட்டு சாம்பிள் எடுத்தா 0. ரெண்டடி தள்ளி, குழாய் வாயில எடுத்தா காலனி. குற்றவாளி நடுவுல இருக்குற ட்யூப். உள்சுவர்ல பயோஃபிலிம் ஒட்டிக்கிட்டிருக்கு. ஃபில்டரைக் கடைசியில வெச்சாலும் அதுக்குப் பின்னாடி இருக்குறதை அது எப்படித் தடுக்கும்?

ட்யூபை மாத்திட்டு, பாக்டீரியா கலந்து மறுபடி ஓட்டியாச்சு. வெளிய வந்த தண்ணில இந்தத் தடவை 1 மில்லி இல்ல, 100 மில்லி வடிகட்டித் தட்டுல போட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை ரிவ்யூ. ஆர்2ஏ தட்டுக்கு 7 நாள் முடியறது திங்கக்கிழமை. ‘100%’ங்கிற வரியை அழிச்சுட்டு, அந்தக் கட்டத்தைக் காலியா விட்டு வெச்சிருக்கேன்.