மலைக்கும் ஓர் அளவு உண்டு



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, வெம்பக்கோட்டை வட்டாரத்து இளைஞர் சிலர் நம்மைக் காண வந்தனர். மேற்கே நீலமாய்த் தெரியும் மலையைச் சுட்டிக்காட்டி, “சாமி, திருவிழாவையொட்டி மலையோட்டப் போட்டி நடத்த ஆசைப்படுகிறோம். முந்நூறு பேர் சேருவார்கள். சரவெடி கொளுத்தி நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும்” என்றனர்.

நாம் உடனே இசையவுமில்லை, மறுக்கவுமில்லை. வாரமெல்லாம் பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் குனிந்து உழைக்கும் பிள்ளைகள், ஒரு நாளேனும் நிமிர்ந்து மலைக்காற்றைச் சுவாசிக்க விரும்புவது நல்லதே. மதுக்கடையை நாடாமல் மலையை நாடுகிறார்களே என மகிழ்ந்தோம். ஆயினும் அந்த மலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுமன்றோ?

1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்க் காடு, 2021-இல் மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அந்த அணில் பெரும்பாலும் தரையில் இறங்காமல், கிளைக்குக் கிளை தாவி வாழ்வது. பாதையை அகலமாக்க இரண்டு மரங்களை வெட்டினால், அதன் வழியே அறுந்துவிடும். வளைந்து செல்லும் பாதையை விட்டு முந்நூறு பேர் குறுக்கே இறங்கினால், அடுத்த மழையில் நீர் அத்தடத்திலேயே பாய்ந்து மண்ணை அரிக்கும். அந்த மண் ஓடைகளின் வழியே நம் கண்மாய்களை வந்தடையும். மலைக்குச் செய்யும் தீங்கு நம் வயலுக்கே திரும்பும் என்பது இதுதான்.

உயிருக்கு வரும் ஆபத்தோ இதனினும் பெரிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேறச் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில், பாறைக்காட்டுப் பூங்கா ஒன்றில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடந்தது. ஓடியவர் 172 பேர். திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் வீசின; 21 பேர் குளிரில் விறைத்து இறந்தனர். ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஆறு பேரைத் தம் குகைக்குள் சேர்த்துக் காப்பாற்றினார். முன்னேற்பாடுகள் செய்யத் தவறியதை, மலையை அறிந்த ஓர் எளிய மனிதர் ஓரளவு ஈடு செய்தார்.

இவற்றைச் சொன்னபோது இளைஞரில் ஒருவர், “சதுரகிரிக்கு ஆயிரக்கணக்கில் போகிறார்களே, சாமி! நாங்கள் ஒரு நாள் ஓடினால் மட்டும் குற்றமா?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் சதுரகிரியிலும் 2015 மே மாதத்தில் காட்டாற்று வெள்ளம் பக்தர் பலரைக் கொண்டுபோனது. வழிபாட்டிற்கே நாளும் நேரமும் வகுக்க நேர்ந்ததென்றால், விளையாட்டிற்கு அளவு வேண்டாமா?

அளவு என்பதை நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையின் வேலை அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது ஏன்? மருந்தை இவ்வளவுதான் வைக்கலாம் என்பது ஏன்? அந்த எண்ணிக்கை மீறப்பட்ட நாள்களில் தந்தையை இழந்த பிள்ளைகள் நம் ஊர்களில் உண்டு. விதி நம் மகிழ்ச்சியைப் பறிக்க வந்ததன்று. மாலையில் நம்மை வீடு சேர்க்க வந்தது. மலையின் விதியும் அவ்வாறே.

குரங்கணிக்குப் பின் 2018-இலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளை அறிவித்து, முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயமாக்கியது. ஆதலால் மலையை அடியோடு மூடிவிடவில்லை. முறையோடு வருவோர்க்கே திறந்திருக்கிறது.

முடிவில் இளைஞரும் நாமும் கூடி இவ்வாறு தீர்மானித்தோம். முந்நூறு பேரின் ஓட்டம் கண்மாய்க் கரையிலும் கரிசல் காட்டு வண்டிப் பாதையிலும் நடைபெறும். வெயில் ஏறுமுன் முடியும். குடிநீரும் முதலுதவியும் வழியெங்கும் இருக்கும். மலையைக் காண விரும்புவோர், வனத்துறையின் அனுமதி பெற்று, தீக்காலமும் மழைக்காலமும் நீங்கிய நாளில், வழிகாட்டியுடன் சிறு குழுவாய் நடந்து செல்வர். கொண்டுபோகும் நெகிழிப் பையை எண்ணிக் கொண்டுபோய், எண்ணித் திரும்பக் கொணர்வர். மலையடிவாரத்தில் ஒலிபெருக்கியும் இல்லை, வெடியும் இல்லை.

“சிவகாசிப் பக்கம் வெடியில்லாமல் ஒரு விழாவா?” என ஒருவர் சிரித்தார். ஊரில் வெடிக்கலாம், தம்பி. மலையில், அணில் தாவும் ஓசையைக் கேட்டு வாருங்கள். அதற்கும் செவி கொடுக்கப் பழகிய பிள்ளைகளை வளர்ப்பது பெற்றோராகிய உங்கள் கடமையுமாகும்.