பிரிட்டோன் கணக்கு

கண்டிப் பக்கம் வயசானவர்களுக்குத் தலை அரித்தால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது பிரிட்டோன்: குளோர்பெனிரமின் 4 மில்லிகிராம். சின்னக் கடதாசி உறையில் காலை, பகல், இரவு என்று குறித்துத் தருவார்கள். அரச ஆஸ்பத்திரியில் இலவசம்; கடையிலும் சில்லறைக் காசுதான்.

நாளுக்கு 3 மாத்திரை என்றால் 12 மில்லிகிராம். பிரித்தானிய மருந்துக் கையேடு முதியவர்களுக்கு வைக்கும் உச்ச அளவே அதுதான். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை இது தடுக்கிறது. அந்தத் தடையை 1 முதல் 3 வரை அளக்கும் பட்டியலில் இதற்கு 3. தலை எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் சேர்ந்தால் இன்னொரு 3, சிறுநீர் அடங்காததற்கு ஒக்சிபியூட்டினின் என்றால் மேலும் 3. கூட்டினால் 9. பட்டியலோ 3 வந்தாலே கவனி என்கிறது. லோரட்டடின், செட்டிரிசினுக்குத் தலா 1.

அமெரிக்காவின் சியாட்டிலில் 65 கடந்த 3,434 பேரைச் சராசரி 7.3 வருடம் தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. 797 பேருக்கு மறதி நோய் வந்தது. இவ்வகை மருந்துகளை மிக அதிகம் எடுத்தவர்களுக்கு ஆபத்து 1.54 மடங்கு. மிக அதிகம் என்றால்? தினம் ஒரு பிரிட்டோன் வீதம் மூன்று வருடத்துக்கு மேல். சுமார் 1,095 மாத்திரை. தினம் மூன்று போடும் பாட்டி ஒரே வருடத்தில் அங்கே போய்விடுவார். மாத்திரைதான் காரணம் என்று ஆய்வு நிறுவவில்லை. ஆனால் மாத்திரை போடும் நாட்களில் வரும் தடுமாற்றம், டொக்டரிடம் கேட்டு நிறுத்தினால் பெரும்பாலும் தெளியும். 2003இல் வெளியான றாகம ஆய்வில் 65 கடந்த 703 பேரில் 28 பேருக்கே மறதி நோய் இருந்தது. ஒன்றை மறந்ததும் பாட்டிக்கு முத்திரை குத்துவது அவசரம்.

பிறகு ஏன் ஒரே மருந்துத் துண்டு வருடக்கணக்கில் ஓடுகிறது? கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் பாட்டியைத் தனியே அனுப்ப முடியாது. கொழுந்து பறிக்கும் மகள் கூடப் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போச்சு: 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி அது 1,350 ரூபாவாக இருந்தது, பஸ் காசு வேறு. 2025இல் 5,000 ரூபாவான முதியோர் கொடுப்பனவு அந்தக் கணக்கில் மூன்று நாள் பேருக்குக் காணும், நாலாவதுக்குக் காணாது.

அரிப்புக்குக் காரணம் பொடுகென்றால் கீட்டோகொனசோல் 2% ஷாம்பூ, வாரம் இருமுறை, 2 முதல் 4 வாரம். தோலில் ஒன்றும் தெரியாமலே அரித்து எரிந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அப்படி வந்த 15 பேரில் 14 பேருக்குக் கழுத்தெலும்பில் கோளாறு. தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த பாட்டியிடம் கழுத்தை விசாரிக்காத சிகிச்சை அரைச் சிகிச்சை என்பேன். சீப்புப் பட்டாலே தலை நோகிறது, மென்றால் தாடை வலிக்கிறது என்றால் கிளினிக் தேதியெல்லாம் பார்க்கக் கூடாது. நெற்றிப்பொட்டு நாடி வீங்கிக் கண் பார்வை போகலாம். அன்றைக்கே ஓட வேண்டும்.

இப்படி அவசரம் இல்லாதவர்கள் கிளினிக் போகும் நாளில், போடுகிற மாத்திரை அத்தனையும் பையில் இருக்கட்டும். மறதிக்கான தைரொய்ட், பி12 இரத்தப் பரிசோதனையையும் அன்றே கேட்டு முடித்தால் மகளுக்கு இன்னொரு நாள் பேர் மிச்சம்.