ஒரே இணைப்பு, இரண்டு கருவிகள்

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்களுடைய ஆசை தீர்ந்துவிடும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். ஆனால், "இதை இணையத்தோடு எப்படிச் சேர்ப்பது?" என்ற கேள்வி அன்று மாலையே எழுந்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் எழுந்த கேள்வி இது.

அவ்வாண்டு நவம்பர் திங்களில் மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தொலைவிலுள்ள நண்பரோடு பேசிக்கொண்டே விளையாடும் வசதி அதில் இருந்தது. இணையக் கம்பியைச் செருக இடமும் இருந்தது. ஆனால் கம்பியில்லா இணைப்பாகிய வைஃபையை ஏற்கும் உறுப்பு உள்ளே இல்லை. அதைத் தனியே வாங்க ஏறத்தாழ 100 டாலர் வேண்டியிருந்தது. கருவியின் எளிய வகையே 299 டாலர்தான். அதில் மூன்றிலொரு பங்கை ஒரு சிறு உறுப்புக்குக் கொடுக்க எந்தக் குடும்பத்திற்குத்தான் மனம் வரும்?

வீட்டிலிருந்த மடிக்கணிப்பொறியே அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒரு கணிப்பொறியின் இணைய இணைப்பை வேறு கருவிகளோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

இது இயங்கும் முறை எளியது. கூட்டுக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடிதங்கள் யாவும் ஒரே கதவிலக்கத்திற்கு வருகின்றன. குடும்பத் தலைவர் வாங்கி உரியவரிடம் கொடுக்கிறார். அவ்வாறே கணிப்பொறி, விளையாட்டுக் கருவியின் செய்தியைத் தன் முகவரியிட்டு அனுப்புகிறது. யார் கேட்டது என்பதைக் குறித்து வைத்து, மறுமொழி வந்ததும் அதனிடம் சேர்ப்பிக்கிறது. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலகத்திற்கு அவை போதா என்பதால், வீட்டுக்குள் மட்டும் வழங்கும் முகவரிகள் தனியே ஒதுக்கப்பட்டன.

செய்முறையும் கடினமன்று. கணிப்பொறியை வைஃபையில் சேர்த்து, அதற்கும் விளையாட்டுக் கருவிக்கும் இடையே ஒரு கம்பியைச் செருக வேண்டும். பின்னர் விண்டோஸின் இணைப்புகள் பட்டியலில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்து, பகிர்வதற்கான கட்டத்தில் குறியிட வேண்டும். விளையாட்டுக் கருவியில் முகவரி அமைப்பைத் தானியங்கி நிலையிலேயே விட்டுவிடலாம். வேண்டிய முகவரியைக் கணிப்பொறியே வழங்கிவிடும்.

இனி, இடர்ப்பாடுகள். கணிப்பொறி உறங்கினால் விளையாட்டும் நின்றுவிடும். மேலும், வீட்டிலுள்ள ரூட்டர் ஏற்கெனவே ஒருமுறை முகவரியை மாற்றுகிறது. கணிப்பொறி மீண்டும் மாற்றுகிறது. இரண்டு கதவுகளைத் தாண்டி வர வேண்டியிருப்பதால், வெளியிலிருந்து வரும் நண்பரின் குரல் சில வேளைகளில் வழி தெரியாமல் நின்றுவிடும்.

அப்போது, "கணிப்பொறியின் பயர்வாலை அணைத்துவிடு" என்று சிலர் அறிவுரை கூறுவர். அதற்குச் செவிசாய்த்தல் ஆகாது. குடும்பத்தின் வங்கிக் கணக்கும் நிழற்படங்களும் கடிதங்களும் அந்தக் காவலுக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு மாலை விளையாட்டுக்காக வாயிற்கதவையே கழற்றி வைப்பார் உண்டோ? இயலுமாயின் ரூட்டரிலிருந்தே நீண்ட கம்பி ஒன்றை இழுத்துவிடுவது இதனினும் நன்று.

2010இல் வந்த புதிய எக்ஸ்பாக்ஸ் 360இல் வைஃபை உள்ளேயே அமைந்துவிட்டது. அக்கருவிக்கான இணையக் கடையும் 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ஆயினும் பழைய கருவியைப் பேணி வைத்திருப்போருக்கு இவ்வழி இன்றும் உதவும்.

இறுதியாக ஒன்று. தந்தை பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் மகனின் விளையாட்டு தடுமாறும்; மகள் படித்து முடித்துக் கணிப்பொறியை மூடினால் அது அறுந்தே போகும். ஆதலால் கம்பியைச் செருகுமுன், எந்த நேரம் யாருக்கு என்பதை வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும். வீண் பூசல் அங்கேயே தவிர்க்கப்படும்.