தானே தாக்கும் ஆயுதமும் உலகச் சட்டமும்

முத்தாண்டிக்குப்பத்தை அடுத்த நெய்வேலிச் சுரங்கத்திலே மண்ணை வாரும் பேரியந்திரங்களை நேயர்கள் பலர் கண்டிருக்கலாம். எத்துணைப் பெரிய இயந்திரமாயினும் அதை இயக்க ஒரு மனிதன் உண்டு. பிழை நேர்ந்தால் பதில் சொல்லவும் ஆள் உண்டு. இலக்கைத் தானே தேர்ந்து தாக்கும் ஆயுதம் பிழை செய்தால் பதில் சொல்வது யார்?

இக்கேள்வி முற்றிலும் புதியதன்று. மிதிப்பவர் போர்வீரரா, விறகு பொறுக்கும் பெண்ணா என்பதைக் கண்ணிவெடி அறியாது. நங்கூரமின்றி மிதக்கவிடும் கடற்கண்ணி, விட்டவர் கட்டுப்பாட்டை இழந்த ஒரு மணி நேரத்துள் செயலற்றுப்போதல் வேண்டும் என்று 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை விதித்தது. மனிதரைக் கொல்லும் நிலக்கண்ணிகளை 1997ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கை அடியோடு விலக்கியது. வன்னியில் அவற்றால் துயருற்ற இலங்கை 2017இல் அதிற் சேர்ந்தது.

தானியங்கி ஆயுதங்களை ஆராய 2017இல் ஜெனீவாவில் கூடிய நிபுணர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். பொறுப்பை இயந்திரத்திற்கு மாற்றலாகாது என்பது 2019இல் ஏற்கப்பட்ட நெறிகளுள் ஒன்று. ஆயினும் நெறி வேறு, கட்டுப்படுத்தும் சட்டம் வேறு. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதுபற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. ஜெனீவா மன்றமே இதற்குத் தக்க இடம் எனக் கருதிய இந்தியா, எதிர்த்த நான்கு நாடுகளுள் ஒன்று.

மன்றம் எதுவாயினும் ஆகுக. இயந்திரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது. ஆதலின், ஏவிய மனிதன் தப்பாதபடி சட்டம் முன்னரே அமைதல் வேண்டும்.