மீன் போட்டுப் படம் எடுத்தாலும் வேட்டைதான்

மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கோரைப் புதர்களுக்கும் மீன்குளங்களுக்கும் நடுவே நடமாடுகிறது மீன்பிடிப் பூனை. வங்காளிகள் அதை 'பாக்ரோல்' என்பார்கள். 2012இல் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டும் அதன் இருப்பிடத்தில் பெரும்பகுதி சரணாலயங்களுக்கு வெளியேதான் கிடக்கிறது. வனக்காவலர் இல்லாத இடத்தில் சட்டமும் இருக்காது என்று கேமராவுடன் வரும் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. தனியார் குளக்கரையில் நின்றாலும் அந்தப் பாதுகாப்பு அதற்கு உண்டு. அச்சட்டம் 'வேட்டை' என்பதற்குள் கொல்வதை மட்டுமா வைத்திருக்கிறது? விரட்டுவது, இரை வைத்து வரவழைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே அதில் அடக்கம். அந்தியில் கரையோரம் நாலு மீனைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதும், ஆள் வைத்துப் புதரைத் தட்டிக் கலைப்பதும் இந்த வரையறைக்குள் வந்துவிடலாம். குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். "படம்தானே எடுத்தேன்" என்ற வாதம் எடுபடும் என்று நான் நம்பமாட்டேன்.

சட்டம் கிடக்கட்டும், போட்ட மீனின் கணக்கைப் பாருங்கள். மனிதர் இருக்கும் கரையில் மீன் கிடைக்கும் என்று பூனை பழகிவிடும். படம் எடுத்தவர் ஊர் திரும்பிவிடுவார். பூனையோ அடுத்த குளத்துக்குப் போகும். மீனை இழந்த குளத்துக்காரர் கண்ணி வைப்பார், விஷம் வைப்பார். அவர் நட்டத்தை ஈடுசெய்யப்போவது யார்? ஆகவே கரையில் இறங்குமுன் அவரிடம் அனுமதி கேளுங்கள். அது அவர் நிலம்.

இரவில் பளிச்சிடும் ஃபிளாஷ் வேண்டாம். படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிட்டு, மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். அறுவடையான வயலில் குட்டி தனியாகக் கிடந்தால் தாய் பெரும்பாலும் இரை தேடித்தான் போயிருக்கும். தூக்காமல், படமும் எடுக்காமல் விலகி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். சரணாலயத்துக்குள் என்றால் நுழையவே அனுமதிச்சீட்டு வேண்டும். அங்கே விலங்கைச் சீண்டுவது தனிக் குற்றம்.

வழிகாட்டி ஒருவர் இரை வைப்பதைக் கண்டால் தேதி, இடம், வண்டி எண்ணுடன் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். அதிகாரிகள் அசையாவிட்டாலும் வழி அடைபடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, உரிய முறையில் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த எவரும் நேரே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். வழக்கறிஞர்களிலேயே பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.