தாதிமை இல்லம் தேடுவோர் யாரை நாடலாம்?

வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டால், அவர் மருத்துவமனையிலிருந்து திரும்புவதற்குள் குடும்பம் ஒரு முடிவுக்கு வரவேண்டியுள்ளது. வீட்டில் வைத்துப் பார்ப்பதா, தாதிமை இல்லத்தில் சேர்ப்பதா? செலவுக்கு என்ன வழி?

இதற்கு ஆலோசனை கூறும் அரசாங்கச் சேவை சிங்கப்பூரில் பலமுறை மாற்றம் கண்டுள்ளது. 1992ல் சுகாதார அமைச்சின்கீழ் அது தொடங்கியபோது, நோயுற்ற முதியோருக்கு இல்லங்களில் இடம் ஏற்பாடு செய்வதே அதன் முக்கியப் பணி. 2009ல் அது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு எனத் தனி நிறுவனமானது. வீடு வீடாகச் சென்று மூத்தோரைச் சந்திக்கும் அலுவலகம் 2018 ஏப்ரலில் அதனுடன் இணைந்தது.

இடம் மட்டுமல்ல

இன்று அந்த அமைப்பு இல்லத்தில் இடம் தேடித் தருவதோடு நிற்பதில்லை. வீட்டுப் பராமரிப்பு, பகல்நேரப் பராமரிப்பு நிலையம், பராமரிப்பாளருக்குத் தற்காலிக ஓய்வு தரும் சேவை ஆகியவற்றையும் எடுத்துச் சொல்கிறது. இல்லங்களின் ஊழியர் பயிற்சிக்கும் தர மேம்பாட்டுக்கும் கைகொடுக்கிறது. ஆனால், இல்லங்களுக்கு உரிமம் வழங்குவது சுகாதார அமைச்சே.

எப்படி விண்ணப்பிப்பது?

அரசாங்கச் சலுகையுடன் இல்லத்தில் சேர, மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் முதலில் பேசவேண்டும். அவர் வழியாகவே விண்ணப்பம் அமைப்புக்குச் செல்லும். குடும்பத்தில் ஒருவருக்குச் சராசரியாக எவ்வளவு மாத வருமானம் என்பதைப் பொறுத்துச் சலுகை அமையும். வருமானமே இல்லாத குடும்பமாயின் வீட்டின் ஆண்டு மதிப்பு கணக்கில் கொள்ளப்படும்.

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைத் தாமாகச் செய்ய இயலாதவருக்குக் காப்புறுதித் தொகை கிடைக்கும். பழைய எல்டர்ஷீல்டு மாதம் 300 அல்லது 400 வெள்ளியை ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்கு மட்டுமே தரும். 2020ல் 600 வெள்ளியில் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப், உடற்குறை நீடிக்கும்வரை ஆயுள் முழுவதும் தொடரும். பெற்றோர் எதில் உள்ளனர் என்பதைப் பிள்ளைகள் இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

பெரியவரின் விருப்பம்

தமிழ் மட்டுமே பேசும் பாட்டிக்கு வலியைச் சொல்ல ஆள் இல்லையென்றால் எந்த வசதியும் பயன்படாது. மொழி, சைவ உணவு போன்ற தேவைகளை விண்ணப்பிக்கும்போதே தெரிவிக்கவேண்டும். ஈஷூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் போன்றவை எல்லா இனத்தவரையும் ஏற்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர் நினைவோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிடவேண்டும். அவருக்காக முடிவெடுப்பவர் யார் என்பதை நீடித்த அதிகாரப் பத்திரத்தில் பதிந்து வைத்தால், பின்னால் நீதிமன்றப் படி ஏறும் அலைச்சலையும் உடன்பிறந்தோரிடையே மனத்தாங்கலையும் தவிர்க்கலாம்.